ஏழு யூரோவுக்குள் ரெட் ஒயின்: எதற்கு எது பொருந்தும்?

வில்லர்பான்வாசி, 7 செப்டம்பர் 2024

பத்து யூரோவுக்குக் கீழே உள்ள ரெட் ஒயின் எல்லாம் சமையலுக்குத்தான் லாயக்கு என்பது என் முடிவு. போன வாரம் பொர்தோ (ஒயினுக்குப் பேர்போன பிரஞ்சு ஊர்) என்று போட்டிருந்த நாலரை யூரோ பாட்டில் ஒன்றை வாங்கி, வீட்டில் வைத்த ஆட்டுக்கறிக் குழம்போடு குடித்தேன். வாய் எரிந்தது, நாக்கு வறண்டது, குழம்பின் ருசியும் போச்சு. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

ரோன்கரை, 8 செப்டம்பர் 2024

ரெண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். பாட்டில் வேறு, ஜோடி வேறு. ஐம்பது யூரோ பொர்தோவைத் திறந்திருந்தாலும் அந்தக் குழம்போடு ஏறக்குறைய இதே கதைதான் நடந்திருக்கும், பர்ஸும் சேர்ந்து எரிந்திருக்கும்.

ரெட் ஒயினில் துவர்ப்பு இருக்கிறது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது அது. பால் விடாத கட்டன் சாயாவை அதிகம் கொதிக்கவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதே சமாச்சாரம். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. கொழுப்பும் புரதமும் உப்பும் உள்ள சாப்பாடு அதைத் தணிக்கும். அதனால்தான் வறுத்த மாட்டிறைச்சியும் துவர்ப்பான ஒயினும் சேர்ந்துபோகின்றன. மிளகாய் நேர் எதிர். ஏற்கெனவே காந்திக்கொண்டிருக்கும் நாக்கில் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும், சாராய அளவு காரத்தை இன்னும் ஏற்றிவிடும். பொர்தோவின் முக்கியத் திராட்சைகளில் ஒன்றான கபெர்னே சொவிஞோன் துவர்ப்புக்குப் பேர்போனது. நாலரை யூரோவுக்கு அந்தத் துவர்ப்பு இருக்கும், அதைச் சுற்றி இருக்கவேண்டிய பழம் இருக்காது.

என் கட்சி இதுதான்: கையில் ஆறு யூரோ இருந்தால் பெரிய ஊர்ப் பெயரின் கடைசித் தரத்தை வாங்காதீர்கள். பெயர் எடுக்காத ஊரின் நல்ல பாட்டிலை வாங்குங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊர் புதுச்சேரி, பிழைப்பு பிரான்சின் லியோன் நகரில். பெரியப்பா சொல்தா, அதாவது பிரஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பென்ஷன்காரர். மதியச் சாப்பாட்டில் ரெட் ஒயினில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். சின்ன வயதில் அதைப் பார்த்து ரோஸ்மில்க் என்று நினைத்தவன் நான். ஆகவே என் பேச்சில் பண்டிதத்தனம் எதிர்பார்க்க வேண்டாம்.

ரோன்கரை, 8 செப்டம்பர் 2024, இரவு

"அப்போ எந்த ஊர்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தென் பிரான்சின் லாங்தொக். ரோன் ஆற்றங்கரையின் தென்பகுதி. லியோனுக்கு வடக்கே போஜொலே. இந்த மூன்றைச் சுற்றியே ஒரு வருஷம் ஓட்டலாம். விவரம் பிறகு எழுதுகிறேன், நாளைக்குக் காலை ஷிஃப்ட்.

14 செப்டம்பர் 2024

செப்டம்பர் பிறந்தால் இங்கே எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் ஒயின் சந்தை போட்டுவிடுவார்கள். வண்டி நிறைய அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு போகும் தாத்தாக்களைப் பார்த்தால் ரேஷன் கடை நினைவு வரும். இன்று காலை ஒரு சுற்று போய்வந்தேன்.

முதலில் லாங்தொக். இது ஏன் மலிவு என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ரயில் வந்தபிறகு வட பிரான்சின் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு லிட்டர் லிட்டராக மலிவு ஒயின் அனுப்பிய பூமி அது. தண்ணீர் மாதிரி விளைந்தது. விலை அதலபாதாளத்துக்குப் போய் 1907இல் பெரிய கிளர்ச்சியே வந்தது. ஆர்ஜெலியே ஊரின் காபிக்கடைக்காரர் மார்செலின் ஆல்பேர் பின்னால் லட்சக்கணக்கில் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17ஆம் படைப்பிரிவு கலகம் செய்து பெசியேவுக்குள் நுழைந்தது. அதற்கப்புறமும் பல தலைமுறைக்கு "அளவுக்கு உண்டு, தரத்துக்கு இல்லை" என்ற முத்திரை போகவில்லை. பிறகு அரசே மானியம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பிடுங்காமல் தப்பிய, கரிஞான் என்ற திராட்சையின் கிழட்டுக் கொடிகள் மலைச்சரிவில் கொஞ்சமாகக் காய்த்துக்கொண்டிருக்கின்றன. கொஞ்சமாகக் காய்த்தால் சாறு திடமாக இருக்கும். பழைய கெட்ட பெயரால் விலை மட்டும் இன்னும் ஏறவில்லை. நமக்கு லாபம்.

லாங்தொக்கின் கோர்பியேர், மினெர்வுவா இரண்டும் 1985இல்தான் அப்பெலாசியோன் அந்தஸ்து, அதாவது ஊர்ப் பெயரோடு விற்க அரசு அங்கீகாரம், பெற்றன. ஃபொஜேரும் சேன் ஷினியோனும் 1982இல். இந்த நான்கில் எது ஆறேழு யூரோவுக்குக் கிடைத்தாலும் தூக்கிப் பெட்டியில் போடுங்கள்.

பாட்டிலில் நான் பார்ப்பது ரெண்டே விஷயம். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று எழுதியிருக்கிறதா? அப்புறம் மூடிமேல் உள்ள உறையில் வட்டமாக வரி முத்திரை இருந்தால் அதில் ஆர் என்ற எழுத்தா, என் என்ற எழுத்தா? ஆர் என்றால் விளைவித்தவரே விற்கிறார், என் என்றால் வாங்கி விற்கும் வியாபாரி. வியாபாரி என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே விலைக்கு ரெண்டு பாட்டில் நின்றால் நான் ஆர் பக்கம் சாய்வேன். இப்போது பல பாட்டில்களில் அந்த முத்திரையே இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் உள்ள கோட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். கோட்டை அச்சடிக்கக் காசு அதிகம் ஆகாது.

15 செப்டம்பர் 2024

தங்க மெடல் ஒட்டிய பாட்டிலைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஒரு போட்டியில் வைக்கும் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மெடல் கொடுக்கக்கூடாது என்பது இங்குள்ள விதி. அதாவது மூன்றில் ஒன்றுவரை கொடுக்கலாம்! வகுப்பில் மூன்றில் ஒருவருக்கு முதல் பரிசு கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் நான் படித்திருந்தால் நானும் மெடல்காரன்தான். மெடல் இருந்தால் கேடில்லை, அதற்காகவே எடுக்கவேண்டாம்.

29 செப்டம்பர் 2024

சூடு. இதைப் பேசாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் வீண்.

"ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கணும்" என்ற பேச்சு ஹீட்டர் இல்லாத கல்வீட்டுக் காலத்தது. அந்த அறை பதினாறு பதினேழு டிகிரி இருந்திருக்கும். நம் வீடு இருபத்திரண்டு. ஜூலையில் முப்பது. ஆகஸ்டில் இங்கே ஒரு உணவகத்தின் வெளித்திண்ணையில், வெயிலில் நின்ற அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கஷாயம்! ஐஸ் வாளி கேட்டேன். பரிமாறிய பையன் என்னை அவன் பாட்டியை அவமதித்தவன்போலப் பார்த்தான். பத்து நிமிஷம் வாளியில் கிடந்தபிறகு அதே ஒயினில் செர்ரிப்பழ வாசம் எழுந்து வந்தது.

மலிவு ஒயினுக்குக் குளிர்ச்சி இன்னும் முக்கியம். சூடானால் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடிதான். அதை மறைக்க விலையுயர்ந்த ஒயினில் வேறு சரக்கு இருக்கும், நம்முடையதில் இருக்காது. போஜொலே என்றால் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி, கோர்பியேர் மாதிரி கனமானதற்குப் பதினாறு. தெர்மாமீட்டர் வேண்டாம். கனமானதைப் பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், லேசானதை ஒரு மணி நேரம். ரொம்பக் குளிர்ந்துவிட்டால் கவலை இல்லை, கோப்பையில் தானாகச் சூடேறும். துவர்ப்பானதை மட்டும் அதிகம் குளிரவைக்காதீர்கள், துவர்ப்பு தூக்கலாகும்.

19 அக்டோபர் 2024

மழை. வீட்டில் புய் பருப்பு, கொழுத்த லியோன் சாசேஜ், கேரட், ஒரு கிராம்பு குத்திய வெங்காயம். இதற்காகவே செப்டம்பரில் வாங்கிய கோர்பியேர் ஒன்று இருந்தது, 6.40 யூரோ.

திறந்ததும் மூக்கை வைத்தால் எரிந்த ரப்பர் மாதிரி ஒரு வாடை. மனைவி "சாக்கடையில கொட்டு" என்றாள். நான் அதை எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு சொம்புக்கு, டீ ஆற்றுகிற மாதிரி நாலு ஆற்று ஆற்றினேன். பருப்பு வேகும் நேரத்தில் வாடை போய்விட்டது. கறுப்புத் திராட்சை, காய்ந்த தைம் இலை, கொஞ்சம் மிளகு. காற்று படாமல் அடைபட்டுக் கிடக்கும் ஒயினில் இப்படி வருவது உண்டு, சிரா திராட்சை கலந்ததில் இன்னும் அடிக்கடி. அடைத்த கார்க் கெட்டுப்போன வாடை வேறு: நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை. அதை எத்தனை சொம்பு மாற்றினாலும் சரிசெய்ய முடியாது. கடையில் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

சாப்பாட்டோடு? தனியாக ஒரு வாய் குடித்தபோது கொஞ்சம் கரடுமுரடு. சாசேஜ் ஒரு துண்டு மென்றுவிட்டுக் குடித்தால் அந்தக் கரடுமுரடு போன இடம் தெரியவில்லை. உப்பும் கொழுப்பும் செய்த வேலை. மலிவு ஒயினைத் தனியாக ருசி பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களோடு எனக்கு உள்ள சண்டை இதுதான். அது சாப்பாட்டு மேசைக்குச் செய்த பொருள். ஊறுகாயைத் தனியாகத் தின்றுவிட்டு யாரும் குறைசொல்வதில்லையே.

2 நவம்பர் 2024

வில்லர்பான்வாசியின் ஆட்டுக்கறிக் குழம்புக்கு வருகிறேன். தீபாவளிக்கு வீட்டில் அதே குழம்பு, தேங்காய் அரைத்து விட்டது, காரம் நம் ஊர்க் காரம். மேசையில் ரெண்டு பாட்டில்: ரோன் பக்கத்துக் கோத் து ரோன் ஒன்று, சாராயம் பதினாலரை சதவீதம்; போஜொலேயின் ப்ரூயி ஒன்று, பன்னிரண்டரை. ப்ரூயி பத்து யூரோவைத் தொட்டது, இந்த இழையின் விதிக்குக் கொஞ்சம் வெளியே; பண்டிகை, மன்னிக்கவும்.

கோத் து ரோன் நல்ல ஒயின். கிரெனாஷ் திராட்சை அதிகம், வாய் நிறையப் பழம். முதல் கவளம் வரை எல்லாம் சுகம். அதற்கப்புறம் காரமும் சாராயமும் கைகோத்துக்கொண்டு தொண்டையில் இறங்கின. மச்சான் மோருக்கு ஓடினான். ப்ரூயி குளிர்ந்து வந்ததால் தண்ணீர் மாதிரி இறங்கியது. துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு, அந்தப் புளிப்பு தேங்காயின் கனத்தை வெட்டியது.

காரணம் செய்முறையில் இருக்கிறது. போஜொலேயில் கமே திராட்சையை நசுக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் போட்டு மூடுவார்கள். கரியமில வாயு நிறைந்ததும் பழத்துக்குள்ளேயே நொதித்தல் ஆரம்பமாகிறது. தோலிலிருந்து நிறமும் பழவாசமும் வரும், துவர்ப்பு கம்மியாக வரும். லாங்தொக்கிலும் முரட்டுக் கரிஞானை இதே வழியில் சாதுவாக்குகிறார்கள்.

ஆகவே செப்டம்பரில் மூன்று ஊரையும் ஒரே மூச்சில் சொன்னதைப் பிரித்துச் சொல்கிறேன். காரமான சாப்பாடு என்றால் போஜொலே, சாராயம் பதின்மூன்றுக்குள். மிளகு, சோம்பு, பட்டை மட்டும் தூக்கலாக இருந்து மிளகாய் அடங்கியிருந்தால் ரோனும் லாங்தொக்கும்.

பிரியாணி? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

3 நவம்பர் 2024

"காரத்துக்கு பீர்தான், எதற்கு இந்த வம்பு" என்ற பெர்மிங்காம் அண்ணனுக்கு: சரிதான் அண்ணே. நான் மறுக்கவே இல்லை. ஆனால் தலைப்பு ரெட் ஒயின்.

22 நவம்பர் 2024

நேற்று நவம்பர் மூன்றாவது வியாழன், போஜொலே நுவோ நாள், அதாவது அந்த வருஷத்துப் புது ஒயினை வெளியிடும் நாள். 1985 முதல் இந்தக் கிழமைக் கணக்கு. போஜூ ஊரில் முந்தின ராத்திரியே பீப்பாய்களோடு கூடி, நடுநிசியில் திறப்பார்கள். நான் லியோனுக்குள்ளேயே ஒரு புஷோனில், அதாவது இந்த ஊர்ப் பாணிச் சாப்பாட்டுக்கடையில், உட்கார்ந்தேன். இங்கே ஒயின் "போ" என்கிற அடித்தடிமனான பாட்டிலில் வரும், 46 சென்டிலிட்டர். அடி கனமாக இருப்பதால் மேசையில் எளிதில் சாயாது, உள்ளே இருப்பதைவிட அதிகமாகத் தெரிவது கடைக்காரருக்கு லாபம்.

நுவோ பற்றி என் அபிப்பிராயம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. வாழைப்பழ மிட்டாய் வாசம் அடிப்பது தயாரிப்பாளரின் அவசரம். நல்லவர் கையில் அது நசுக்கிய ராஸ்பெர்ரிதான். சாசிசோன் என்ற உலர்ந்த சாசேஜ், கெர்க்கின் ஊறுகாய், ரொட்டி. அதற்குமேல் அந்த ஒயினிடம் எதையும் கேட்கக்கூடாது.

கமேமேல் பெரிய மனிதர்களுக்கு எப்போதும் ஒரு இளக்காரம். 1395இல் புர்கோஞ் பிரபு துணிச்சல்கார ஃபிலிப், இந்தத் திராட்சையைத் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது பிழைத்துக்கொண்டது. பிரபுவுக்கு நன்றி. புர்கோஞ்சின் பினோ நுவார் திராட்சையின் விலைக்குப் போட்டியாக அது வளர்ந்திருந்தால் நாமெங்கே குடிப்பது.

க்ரூ என்ற உயர்ந்த அந்தஸ்து பெற்ற பத்து ஊர்ப் போஜொலே பற்றிக் கேட்டவருக்கு: லேசானது வேண்டுமென்றால் ஷிரூபிள், கொஞ்சம் கட்டுமஸ்து வேண்டுமென்றால் மொர்கோன், மூலேன் ஆ வான். பட்ஜெட்டுக்கு ரெஞியே. கடைசியாக, 1988இல் சேர்ந்த ஊர் என்பதால் இன்னும் கொஞ்சம் அடக்கமான விலை.

12 ஜனவரி 2025

லண்டன் அக்கா கேட்ட கேள்வி நியாயமானது: "நீங்கள் ஐந்து யூரோ ஒயினைப் புகழ்கிறீர்கள், இங்கே ஐந்து பவுண்டு ஒயின் வாயில் வைக்க முடியவில்லை. ஏன்?"

வரி அக்கா, வரி. அங்கே சாதாரணச் சதவீதமுள்ள ஒரு பாட்டிலுக்கு 2025 ஜனவரிவரை தீர்வை மட்டும் 2.67 பவுண்டு. பிப்ரவரியிலிருந்து சாராய அளவைப் பார்த்து ஏற்றம் இறக்கம், கனமான ஒயினுக்கு இன்னும் கூடுதல். ஐந்து பவுண்டில் 20 சதவீத வாட் எடுத்தால் 4.17. அந்த 2.67 போனால் மிச்சம் ஒன்றரைப் பவுண்டு. அதற்குள் கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல், கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்கவேண்டும். உள்ளே ஊற்ற என்ன மிஞ்சும்? பிரான்சில் தீர்வை பாட்டிலுக்கு மூன்று நான்கு சென்ட்தான். வாட் இங்கேயும் இருபது. ஐந்து யூரோவில் நாலு யூரோவுக்குமேல் தங்குகிறது.

அதனால் உங்கள் ஊரில் ஒன்பது பத்து பவுண்டு பாட்டில்தான் உண்மையான மலிவு ஒயின். ஐந்து பவுண்டில் நீங்கள் பெரும்பாலும் அரசாங்கத்தைக் குடிக்கிறீர்கள். நான் சொன்ன விலையை அப்படியே பவுண்டில் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான்.

13 ஜனவரி 2025

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது, டாக்டரே சொல்கிறார்" என்பவருக்கு: மருந்தாக நினைத்துக் குடிக்காதீர்கள். இங்குள்ள பொதுச் சுகாதார நிறுவனமே 2017இல் சொன்ன வரம்பு: வாரத்துக்குப் பத்து கோப்பைக்குமேல் வேண்டாம், நாளுக்கு ரெண்டுக்குமேல் வேண்டாம், சில நாள் அறவே வேண்டாம். குடிக்காதவர் குடிக்கத் தொடங்க இந்த இழை ஒரு காரணமே இல்லை. சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

9 மார்ச் 2025

மீனும் ரெட் ஒயினும் ஆகாது என்பது வெறும் சம்பிரதாயம் என்றுதான் இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். முழுக்க அப்படி இல்லை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ரெட் ஒயினையும் ஸ்காலப் சிப்பியையும் சேர்த்துச் சோதித்தபோது, ஒயினில் கரைந்துள்ள இரும்பு அதிகமாக இருந்தால் கவிச்சை எழுவதைக் கண்டார்கள். அதனால் சில ரெட் ஒயின் மீனோடு பேசாமல் போகிறது, சிலது அசிங்கமாக நாறுகிறது. பாட்டிலைப் பார்த்து இரும்பைச் சொல்ல முடியாது. வஞ்சிரம் வறுவலோடு குளிர்ந்த ஷிரூபிள் எனக்குப் பிடித்தது. மத்தி மீனோடு தொடவே மாட்டேன்.

புளி. மீன் குழம்பு, வத்தக்குழம்பு, ரசம் மூன்றும் ஒயினுக்கு எமன். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட அதிகமானால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அன்றைக்குத் தண்ணீர் குடியுங்கள்.

பிரியாணிக்குப் பதில் கிடைத்துவிட்டது, பிரான்சில் அல்ல. இத்தாலியின் எமிலியா பகுதி லாம்ப்ருஸ்கோ. ரெட் ஒயின், நுரைக்கும், குளிரக் குளிரக் குடிப்பது. 'அமாபிலே' என்று போட்டிருந்தால் ஓரளவு இனிப்பு. அந்த இனிப்பு மிளகாயை அடக்குகிறது, நுரை நெய்யைக் கழுவுகிறது, சாராயம் பெரும்பாலும் பதினொன்றைத் தாண்டாது. அந்த ஊர்க்காரர்கள் கொழுத்த பன்றி இறைச்சியோடு இதைக் குடிப்பது சும்மா இல்லை. ஆறு யூரோ. ஒயின் தெரிந்த நண்பர்கள் முன்னால் திறந்தால் கேலி செய்வார்கள். செய்யட்டும், ரெண்டாவது கோப்பை அவர்களே கேட்டார்கள்.

10 மார்ச் 2025

இல்லை, சாம்பாருக்கு எதுவும் கிடையாது. கேட்காதீர்கள்.

19 ஏப்ரல் 2025

நாளை ஈஸ்டர். ஆட்டுக்கால் அடுப்பில் போகப்போகிறது. பூண்டும் ரோஸ்மேரியும் இங்குள்ள வழக்கம். நான் கூடவே நம் வடவத்தை நெய்யில் பொரித்து மேலே தடவுகிறேன். புதுச்சேரி வடவம் வதுவான் என்ற பெயரில் பிரஞ்சு சமையல்காரர்கள் கைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது, நாம் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வெங்காயம், வெந்தயம், கடுகு கருகும் வாசம், மிளகாய் கிடையாது. இதற்கு ஃபொஜேர் எடுத்து வைத்திருக்கிறேன், 6.90. காலையிலேயே திறந்து சொம்பில் ஊற்றிவிடுவேன்.

வில்லர்பான்வாசி அங்கிருந்து "பெட்டி ஒயின் வாங்கலாமா?" என்று கேட்கிறார். ஆள் திருந்திவிட்டார்! தாராளமாக. குழாய் வைத்த பையில் ஒயின் இறங்க இறங்கப் பை சுருங்கிக்கொள்ளும், காற்று நுழையாது, திறந்தபிறகும் சில வாரம் தாங்கும். தினம் ஒரு கோப்பை மட்டும் குடிக்கும் வீட்டுக்கு அதுதான் சரி. வாங்கி வருஷக்கணக்கில் அடுக்கிவைக்க மட்டும் கூடாது.

19 ஏப்ரல் 2025, மாலை

கார்க் பாதியில் உடைந்துவிட்டது என்று யாரோ அவசரமாக எழுதியிருக்கிறீர்கள். கரண்டிக் காம்பால் மிச்சத்தை உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது பாட்டிலைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள், மேலே பீச்சி அடிக்கும். அப்புறம் டீ வடிகட்டியை வைத்து ஊற்றினால் துகள் நின்றுவிடும். ஒயினுக்கு ஒன்றும் ஆகாது.